கதவடியில் இரண்டடி

கமீலாவுக்குப் பகலில் உறக்கம் வராது. குவைத்தில் அவள் வேலை செய்த வீட்டில், லுஹர் தொழுகை முடிந்த கையோடு வீட்டுக்கார மேடம் ஹோலின் நடுவில், கணுக்கால் புதைகிற காபட் விரிப்பில், ஒரு குட்டித் தலையணையைப் போட்டுச் சரிந்துவிடுவாள். கமீலா அடுப்படி வாசலில் நின்று பார்ப்பாள். அந்தக் காபட்டைக் காலையும் மாலையும் மெசின் வைத்து உறிஞ்சித் துப்புரவாக்கியவள் அவள். எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தத் தேத்தண்ணிக் கறை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். ஆனால் ஏழு வருசத்தில் ஒருநாளும் அவள் முதுகு அதில் பட்டதில்லை. கரைத்தீவுக்குத் திரும்பி வந்து ஆறு வருசமாகிவிட்டது. இன்னமும் மதியத்தில் உடம்பு அசந்தால் மனம் எழும்பிப் போய் அந்த அடுப்படி வாசலில் நின்றுகொள்கிறது. இன்னொருத்தி உறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

அதனால் அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. சொந்த ஹோலில் சுவருக்குச் சுவர் காபட் போட வேண்டும். அதில் ஒரு மதியம் படுத்து உறங்கி எழும்ப வேண்டும்.

கடலோரக் களப்பின் காற்று நாள் முழுக்க மணலைக் கொண்டுவந்து கொட்டுகிற ஊரில் காபட் எதற்கு என்று கேட்டார் அவள் புருசன் தாஹிர். மாம்புரியில் மரக்கறி ஏற்றிக் கொழும்புக்கு லொறி ஓட்டுகிறவர். கேட்டுவிட்டு, கிடைக்கப்போகிற பதிலுக்குக் காத்திருக்காமல் லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருபது வருசக் கலியாணத்தில் அவர் கற்ற பாடம் அது.

ஹோல்தான் கமீலாவின் கடையும். புறக்கோட்டையில் மொத்த விலைக்கு எடுத்துவரும் அபாயா, சாறன், பெட்சீட் எல்லாம் அலுமாரியில் இருக்கும். பெண்கள் வருவார்கள், குந்துவார்கள், பிளேன்டீ குடிப்பார்கள், விலை கேட்டு நெஞ்சில் கை வைப்பார்கள். வியாபாரம் அவளுக்கு வாப்பா வழிச் சொத்து. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து இறங்கியபோது அவளுக்கு எட்டு வயது. துணிக்கடை வைத்திருந்த வாப்பா கையில் கொண்டுவந்தது துணி அளக்கிற யார்க்கம்பியை மட்டும்தான். துணி அங்கேயே கிடந்துவிட்டது, அளவு மட்டும் இங்கே வந்து சேர்ந்தது. அந்த மனிதர் சொல்லுவார்: விலைக்கு இரண்டு உடுப்பு உண்டு, சொல்லுகிற விலை வெளி உடுப்பு, விற்கிற விலை உள் உடுப்பு. கொள்விலை என்பது விலையின் வெற்றுடம்பு, அதைப் பெற்றதாய்க்கும் காட்டக் கூடாது.

அந்தக் கம்பியாலேயே கமீலா ஹோலை அளந்தாள். நீளம் பதினெட்டு அடி, அகலம் பதினாலு. புத்தளம் டவுனில் ஒரு கடையில் சதுர அடி நானூற்றைம்பது என்றார்கள். அதற்குக் கீழே விரிக்கிற பஞ்சுக்கு வேறு, பசைக்கு வேறு, ஓரம் பிடிக்கிற பட்டிக்கு வேறு, காபட் தடுக்காமல் கதவின் அடியைச் சீவுவதற்கு வேறு, சீவ வருகிறவரின் மதியச் சாப்பாட்டுக்கு வேறு. கடைக்காரர் கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார். கமீலா அதைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு கழுதையைப் பார்த்தாள். பாரம் கூடினால் அப்படியே நின்றுவிடுகிற அறிவு அதற்கு இருந்தது. அவளும் எழும்பி வந்துவிட்டாள்.

பிறகு கிடைத்தவர்தான் ஹிஸ்புல்லா. பள்ளிவாசல்களுக்குக் காபட் போடுவது அவர் தொழில். நுரைச்சோலைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போட்டதில் மிஞ்சிய நாலு துண்டுகளைக் கூலியில் ஒரு பங்காக நிர்வாகத்தார் அவருக்கே கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் பதினாலு அடி நீளம், நாலு அடி அகலம். கரும்பச்சை நிறம். துண்டுக்கு ஒரு தங்கக் கோடு, கோட்டுக்கு மேலே தொழுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாகக் குட்டிக் குட்டிப் பள்ளி வளைவுகள்.

அவர் எண்பத்தையாயிரத்தில் தொடங்கினார். கமீலா ஒரு பெருமூச்சில் தொடங்கினாள். லொறிக்கு டயர் இல்லை என்றாள், புருசனுக்கு முதுகு சரியில்லை என்றாள், கையில் இருப்பதே நாற்பதுதான் என்று அலுமாரியைக் காட்டிச் சத்தியம் செய்தாள். அலுமாரிக்குள் எண்பது இருந்தது. இரண்டு மணித்தியாலத்தில் விலை ஐம்பத்திரண்டுக்கு வந்து மூச்சு வாங்கியது. அப்போதுதான் அவள் கம்பியை எடுத்தாள். நாலு துண்டும் சேர்ந்தால் பதினாறு அடி. ஹோல் பதினெட்டு. கதவடியில் இரண்டடி வெறுஞ்சீமெந்தாகக் கிடக்கப் போகிறதே என்று வாயில் கை வைத்தாள். அந்த இரண்டடிக்காக இன்னும் மூவாயிரம் இறங்கியது. வாப்பா உயிரோடு இருந்திருந்தால் அன்று பிரியாணி கொடுத்திருப்பார்.

காபட் போட்ட அன்று ஹிஸ்புல்லா முதல் துண்டைத் தோளில் வைத்துக்கொண்டு, முப்பது வருசமாக எல்லா இடத்திலும் கேட்பதையே கேட்டார்.

"கிப்லா எந்தப் பக்கம் தங்கச்சி?"

"அந்தா, அலுமாரிப் பக்கம்," என்று கமீலாவும் கை காட்டினாள்.

கேட்டவர் பழக்கத்தில் கேட்டார், சொன்னவள் பழக்கத்தில் சொன்னாள். பசை காய்ந்து, பஞ்சு அமுங்கி, நாலு துண்டும் தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்த்து வரிசை வரிசையாகப் படிந்து முடிந்த பிறகுதான் கமீலா வாசலில் நின்று முழுதாகப் பார்த்தாள். ஹோலைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளிவாசல் இருந்தது.

மறுநாள் வந்த பெண்கள் செருப்பைக் கதவடிச் சீமெந்தில் கழற்றிப் போட்டார்கள். உள்ளே கால் வைத்ததும் தாமாகவே முக்காடு தலைக்கு ஏறியது. சத்தம் இறங்கியது. எங்கேயாவது குந்தச் சொன்னால் தோளோடு தோள் சேர்த்து வரிசையில் குந்தினார்கள். யாரும் யாருடைய மருமகளைப் பற்றியும் கதைக்கவில்லை. தாஹிருக்குக்கூட அது பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் கதிரையில் சாய்ந்தபடியே, "இந்தா பாலாவிச் சந்தியில நிக்கிறன்" என்று போனில் சொல்லுகிற மனிதர். இப்போது போன் அடித்தால் எழும்பி, முற்றத்தில் இறங்கி, முருங்கை மரத்தடியில் நின்று பாலாவிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

கமீலா மதியத்தில் படுத்துப் பார்த்தாள். கால் நீட்டினால் ஒரு வளைவில் படுகிறது. புரண்டால் சஜ்தாவுக்கு நெற்றி வைக்கிற இடத்தில் இடுப்புப் படுகிறது. வெட்கமாகப் போய் எழும்பிக் குந்தினாள். காற்று ஜன்னல் வழியே வந்து காபட்டின் பச்சை மயிரை ஒரு பக்கமாகச் சாய்த்து, பிறகு மறுபக்கமாகச் சாய்த்தது. களப்பின் மேல் பாசி அசைவது போல இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அசர் தொழுகைவரை குந்தியிருந்தாள். மறுபடியும் வாசலில் நிற்பவள்தான், மேடம் மட்டும் இல்லை.

உறக்கம் வராவிட்டால் போகட்டும், வியாபாரம் வந்திருக்கலாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று கிழமை இருந்தது. முன்வீட்டு நுஸ்ரா வந்தாள். ஐம்பது ரூபா குறைப்பதற்காக ஐந்து பிளேன்டீ குடிக்கக் கூடியவள். ஒரு அபாயாவை மடியில் விரித்து, தையலை நகத்தால் சுரண்டிப் பார்த்து, கமீலா விலையைச் சொல்ல வாயெடுத்த நேரம் விரலால் தங்கக் கோட்டைத் தொட்டாள்.

"ராத்தா, இந்த வரிசையில குந்திக்கிட்டே சொல்லுங்களேன். உங்களுக்கு இது என்ன விலைக்கு வந்திச்சி?"

மூவாயிரத்து இருநூறு என்று சொல்லத்தான் கமீலா வாயைத் திறந்தாள். வளைவுகள் அவளைப் பார்த்தன. பொய் எங்கே சொன்னாலும் பொய்தான் என்பது அவளுக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமைதோறும் காதில் விழுகிறதுதானே. ஆனாலும் சீமெந்தில் நின்று சொல்லுகிற வியாபாரப் பேச்சுக்கு நாக்கு ஒரு சாட்டு வைத்திருந்தது. காபட்டில் அந்தச் சாட்டு செல்லவில்லை.

"ஆயிரத்தி எண்ணூத்தி அம்பது," என்றது வாய். பிறகு கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சட்டும் என்று, "பஸ் காசு வேற," என்றது.

நுஸ்ரா கண் வெட்டாமல் இரண்டாயிரத்தைக் கொடுத்துவிட்டு அபாயாவைச் சுருட்டினாள். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்குள் கரைத்தீவு முழுக்கக் கதை போய்விட்டது. கமீலா வீட்டுக் காபட்டில் கொள்விலை சொல்லுகிறார்களாம். மறுநாள் முதல் வந்தவர்கள் யாரும் பேரம் பேசவேயில்லை. குந்தினார்கள், கோட்டைத் தொட்டார்கள், கேட்டார்கள். அவள் சொன்னாள். அவர்கள் மெல்லிய குரலில் மாஷா அல்லாஹ் என்றார்கள். அலுமாரி காலியாகிக்கொண்டே வந்தது, கையில் ஒன்றும் தங்கவில்லை. வியாபாரம் தூக்கத்தில் நடக்கிறவள் மாதிரி, தானாக, மெதுவாக, சத்தமில்லாமல் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது அவள் ஹிஸ்புல்லாவை அழைத்தாள். காபட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போக முடியுமா, போனால் என்ன தருவார் என்று கேட்டாள். அவர் காபட்டில் மண்டியிட்டு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னொரு வீட்டுக்கு முப்பதுக்குப் போடலாம். உங்களுக்கு இருவத்தஞ்சு தாறன்," என்றார். வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டதும் தலையைச் சொறிந்தார். "பெற்றோல் விலைய யோசிச்சா இருவதுதான் சரிவரும் தங்கச்சி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் பார்வையைக் கீழே இறக்கிச் செருப்பைப் பார்த்தார், இலேசாகச் சிரித்தார். வியாழக்கிழமை லுஹருக்குப் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வியாழன் மதியம் வெயில் களப்பின் மேல் வெள்ளித் தகடாகக் கிடந்தது. கமீலா சோற்றைக்கூடத் தொடாமல் காபட்டின் நடுவில் குந்தியிருந்தாள். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் இது சுருண்டு ஓட்டோவில் ஏறிவிடும். நாற்பத்தொன்பதாயிரத்துக்கு வாங்கி ஒரு குட்டி உறக்கம்கூட உறங்காமல் திருப்பிக் கொடுத்தவள் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்லாவிட்டாலும் அந்த அடுப்படி வாசலில் நிற்பவள் சொல்லுவாள்.

அப்போது வந்து நின்றவர் யூஜீனியா. மாம்புரியில் கருவாடு போட்டு, புத்தளம் சந்தையில் விற்றுவிட்டு, இடைக்கிடை பஸ் ஏறி வந்து கமீலாவிடம் துணி எடுக்கிற பழைய வாடிக்கை. ஒரு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. காபட்டைக் கண்டதும் தன் காலைப் பார்த்தார். உப்புத் தண்ணீரும் மணலும் கணுக்கால்வரை அப்பியிருந்தன.

"உள்ளுக்கு வரேல்ல பிள்ளை, நாறிப்போகும். நான் இதில நிண்டே பாக்கிறன்," என்று கதவடிச் சீமெந்தில், செருப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டார். மகள் ஷானிகாவின் வீட்டுக்குத் திருநாளுக்கு ஆட்கள் வருகிறார்களாம், இரண்டு பெட்சீட் வேண்டுமாம்.

கமீலா அலுமாரியிலிருந்து எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். விரித்துக் காட்டுவதற்காக அவளும் சீமெந்தில் இறங்கி நின்றாள். பாதத்தில் பழைய குளிர்ச்சி பட்டது.

"இது என்ன விலை?"

"நாலாயிரத்தி இருநூறு அக்கா. எனக்கு வந்த விலையே மூவாயிரத்தி எழுநூறு."

சொல்லி முடித்த பிறகுதான் கமீலாவுக்குத் தன் குரல் கேட்டது. மூன்று கிழமையாக ஊரைவிட்டுப் போயிருந்த ஒரு சொந்தக்காரர் வாசலில் வந்து நிற்பதைப் போலிருந்தது. குனிந்து பார்த்தாள். ஒரு காலுக்குக் கீழே சீமெந்து. மற்றக் காலுக்குக் கீழேயும் சீமெந்து.

யூஜீனியா இதையே சிலாபத்தில் இரண்டாயிரத்துக்குக் கூவி விற்கிறார்கள் என்றார். கமீலா அது ஒருதரம் கழுவினால் நுளம்பு வலையாகிவிடும் என்றாள். யூஜீனியா போகத் திரும்பினார், இரண்டு எட்டு வைத்தார், நின்றார். தனக்குச் சுகர், வெயிலில் நிற்க முடியாது என்றார். கமீலா தனக்குப் பிரசர் என்றாள். அரை மணித்தியாலம் இருவரும் அந்த இரண்டடியில் நெருங்கி நின்று, ஒருவரையொருவர் அடிமட்டத்து ஏழையாக்கிவிட்டு, ஒன்று இரண்டாயிரத்து எண்ணூறு என்று முடித்தபோது இரண்டு பேர் முகத்திலும் பந்தியிலிருந்து எழும்பியவர்களின் களை இருந்தது.

யூஜீனியா முற்றத்துக் குழாயில் காலையும் முகத்தையும் கழுவினார். முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. கொஞ்சம் சரியட்டே?"

"இதுலயா?"

"ஏன், படுக்கக் கூடாதே?"

"கூடாதெண்டில்ல அக்கா. பள்ளிக் காபட் இது. எனக்கே கால் நீட்ட வெக்கமா இரிக்கி."

"தலவிலச் சந்த அன்னம்மா கோயில் திருநாளுக்கு வந்து பார். கோயில் வளவு முழுக்கச் சனம் படுத்துக் கிடக்கும், குறட்டை வேற. அன்னம்மா ஒருநாளும் ஆரையும் தட்டி எழுப்பினதில்ல."

யூஜீனியா கடைசி வரிசையில், கோட்டுக்கு நேராக, நாலடி அகலத்துக்குள் அளவாக ஒருக்களித்துப் படுத்தார். மூன்று மூச்சில் உறங்கிப்போனார். கோட்டோடு நீளவாக்கில் படுத்தால் கால் எந்த வளைவிலும் படவில்லை. ஒரு வரிசை ஒரு ஆளுக்குப் பாய் அளவாக இருந்தது.

அப்போதுதான் கமீலாவுக்கு ஞாபகம் வந்தது. வள்ளத்திலிருந்து இறங்கிய கிழமையில் புத்தளத்தில் ஒரு பள்ளிவாசல் நிலத்தில்தான் அவர்கள் ஊரே படுத்திருந்தது. வரிசை வரிசையாக, கருவாடு காயப்போட்டது போல, தலை வடக்கே, முகம் கிப்லாவுக்கு. உம்மா வலப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்து முதுகில் கை போட்டிருந்தாள். எட்டு வயதில் அப்படி உறங்கியிருக்கிறாள், பகலில், பட்டப்பகலில். வெட்கப்பட யாருக்கும் தெம்பு இருக்கவில்லை.

அவள் அடுத்த வரிசையில் மெதுவாகச் சாய்ந்தாள். தலை வடக்கே. வலப்பக்கம். கன்னத்தில் காபட் உறுத்தவில்லை.

பச்சை வரிசைகள் ஒவ்வொன்றாகக் கட்டவிழ்ந்து மிதந்தன. களப்பு வீட்டுக்குள் வந்திருந்தது, அல்லது வீடு களப்புக்குள் போயிருந்தது. வாப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று, கம்பியால் கடலை யார்க் கணக்கில் அளந்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். குவைத் மேடம் கரை வழியே வெறுங்காலில் வந்தாள். கையில் குட்டித் தலையணை. கமீலாவின் உறக்கத்தைத் தொட்டு, நகத்தால் சுரண்டித் தையலைப் பார்த்தாள்.

"இது என்ன விலைக்கு வந்தது?"

"ஏழு வருசம்," என்றாள் கமீலா.

"கொஞ்சம் குறைக்க முடியாதா?"

"ஏலா. அது கொள்விலை."

மேடம் தலையாட்டினாள். தலையணையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அலைமேல் நடந்து போனாள். அடுப்படி வாசலில் யாரும் நிற்கவில்லை.

வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். மறுபடியும் செருமினார்கள். கமீலா கண் விழித்தபோது அசருக்கு நெருங்கிவிட்டிருந்தது. ஒரு கன்னத்தில் பச்சைக் காபட்டின் பதிவு இருந்தது. யூஜீனியா பெட்சீட்டை எடுத்துக்கொண்டு எப்போதோ பஸ்ஸுக்குப் போயிருந்தார். முற்றத்தில் ஹிஸ்புல்லா கத்தியும் நெம்புகோலுமாக, வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். வந்து நேரமாகிவிட்டதாம், உறங்குகிற வீட்டில் எப்படிக் கூப்பிடுவது என்று நின்றுவிட்டாராம்.

கமீலா முக்காட்டை இழுத்துக்கொண்டு எழும்பினாள். காபட்டைக் கடந்து போய், கதவடிச் சீமெந்தில் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். காபட்டைக் கழற்ற வேண்டாம் என்றாள். புருசன் விடமாட்டேன் என்று சண்டை பிடிக்கிறாராம். தாஹிர் அந்த நேரம் கொழும்பில் வெண்டிக்காய் இறக்கிக்கொண்டிருந்தார், சண்டையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஹிஸ்புல்லா கத்தியை மடித்தார். முகம் கொஞ்சம் விழுந்தது. வெறும் ஓட்டோவில் திரும்பிப் போவது எந்த வியாபாரிக்கும் மனதுக்கு ஒவ்வாத காரியம். ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார், முகம் மறுபடி எழும்பியது.

"நல்ல காலம் தங்கச்சி. போன கிழமை போட்ட பள்ளியில இதே பச்சையில ஒரு துண்டு மிஞ்சிச்சி. இந்த ரெண்டடிக்கு அளவாப் போகும். முந்தி நீங்க மனவருத்தப்பட்டீங்கதானே. அஞ்சாயிரம் தாங்க."

"வேணாம் நானா."

"நாலு."

"வேணாம்."

அவர் இரண்டுக்கு வந்தார். ஆயிரத்துக்கு வந்தார். கமீலா கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அவள் பிறந்த நாளிலிருந்து ஒரு விலை தானாக இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதில்லை.

"சரி, சும்மா எடுங்க," என்றார் ஹிஸ்புல்லா. "போட்டும் தாறன். கூலியும் வேணாம்."

"சும்மா தந்தாலும் வேணாம்."

"என்ன கதை இது? கால் வைக்கிற இடம், சிமெந்தாக் கிடந்தா வீட்டுக்கு அழகா?"

"அழகு என்னத்துக்கு நானா? அந்த இடத்துக்குக் காத்துப் படணும்," என்றாள் கமீலா. சீமெந்தில் நின்றபடி, கண் வெட்டாமல்.

ஹிஸ்புல்லா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் நிற்கிற இடத்தைப் பார்த்தார். ஓட்டோவில் ஏறும்போது, ஒரு பிளேன்டீக்குச் சொல்லுவதைப் போல, பெருநாளுக்குத் தனக்கும் ஒரு சாறன் எடுத்து வைக்கச் சொன்னார். விலையை இந்த முருங்கை மரத்தடியில் வைத்துக் கதைக்கலாமா என்று கேட்டார்.

முன்வீட்டிலிருந்து நுஸ்ரா வருவது தெரிந்தது. அவள் செருப்பைக் கழற்றுமுன் கமீலா ஒரு கதிரையைத் தூக்கிக் கதவடியில் போட்டாள்.

"நுஸ்ரா, உள்ளுக்குப் போகாதீங்க. இஞ்சயே குந்துங்க. காத்து நல்லா வருது."